முப்பத்தொரு பைட்

நெல் லாரி மேடை ஏறும்போது
மேசை நடுங்கும், அதன்மேல் மடிக்கணினியும்.
புதுவயல் ரோட்டில் எனக்கு இரவு ஷிப்ட்.
முதலில் லோடு எடை,
மில்லுக்குள் போய் இறக்கி வந்தபின் வெறும் வண்டி எடை,
நடுவில் நாற்பது நிமிடம்.
அந்த நாற்பதில்தான்
பதினொரு தொகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

எதுவும் நான் எழுதியதில்லை.
எங்கோ யாரோ எழுதியதை
எங்கள் இயங்குதளத்தில் ஓட வைக்க
ஒரு பாதையை மாற்றி, ஒரு வரியைத் திருத்தி,
கட்டிப் பார்த்து, உடைந்தால் வைது, மறுபடி கட்டி.
காசு கிடையாது.
ஒரு தடவை சிலி நாட்டிலிருந்து ஒருவர்
"ஓடுகிறது, நன்றி" என்று எழுதினார்.
அன்றைக்குப் பரோட்டாவுக்கு
இன்னொரு சால்னா கேட்டு வாங்கினேன்.

நேற்று செக்சம் பொருந்தவில்லை.
பதிப்பு எண் பழையதுதான், 2.4.1.
பெயர் அதே பெயர். பொட்டலம் மட்டும் வேறு.

சேவுகன் வண்டியில் இப்படி நடக்கும்.
அதே லாரி, அதே வெறும் வண்டி,
போன வாரத்தைவிட ஐம்பத்தெட்டு கிலோ கூட.
டார்ச் அடித்தால்
கேபினில் அவன் மச்சான் தூங்கிக்கொண்டிருப்பான்.

புது எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம்.
பச்சை விளக்கு எரிந்திருக்கும்.
அப்படிச் செய்கிறவர்கள் உண்டு,
வெறும் எடையை மனப்பாடமாக எழுதுகிறவர்கள் இருப்பதைப் போல.
இந்த ஒன்றின் மேல்
பதினேழு தொகுப்புகள் உட்கார்ந்திருக்கின்றன.
அவற்றின் மேல் எத்தனை பேரோ.

பழையதையும் புதியதையும் பிரித்து
பக்கத்தில் பக்கம் வைத்தேன்.
கள்ளச் சாவி எங்காவது செருகியிருக்கிறதா?
இரண்டரைக்கு கரண்டு போனது.
இன்வெர்ட்டர் எடைமேடைக்கு மட்டும், முதலாளி உத்தரவு.
உமிச்சாம்பல் பறந்து வந்து
திரையில் புள்ளிகளாக உட்கார,
கமாவா கரியா என்று ஒவ்வொன்றாய்த் துடைத்துப் பார்த்தேன்.
பேட்டரி பதினெட்டு.
பதினைந்து.

ஒரே ஒரு வரி.
ஆக்கியோர் பட்டியலில் அவர் பெயரும் முகவரியும்.
அதை எடுத்துவிட்டிருக்கிறார்.
முப்பத்தொரு பைட்.
வேறெதையும் தொடவில்லை.

ஊலோ காஸ்க், எஸ்தோனியா.
ஆறு வருடத்தில் ஒன்பது கடிதம்,
எட்டு வேலை விஷயம்.
ஒன்றில் மட்டும் கேட்டிருந்தார்:
"உங்கள் ஊரில் இப்போது மணி என்ன?
எப்போது எழுதினாலும் விழித்திருக்கிறீர்களே."
பதில் போட மறந்துவிட்டேன்.

இப்போது போட்டது திரும்பி வந்துவிட்டது,
அப்படியொரு முகவரி இல்லையென்று.

செத்துப்போனவர் தன் பெயரைத் தானே அழிக்க முடியாது,
அதனால் இருக்கிறார்.
வேலை கொடுத்தவன் மிரட்டினானா,
திட்டித் திட்டி யாரும் எழுதினார்களா,
சும்மாவே சலித்ததா,
எனக்குத் தெரியாது.

ஒரு பேட்ச் போதும், வரியைத் திரும்ப ஒட்டிவிடலாம்.
பேட்ச் போடுவதுதானே என் வேலை.
எழுதியும் விட்டேன்.
பிறகு அந்தக் கோப்பை அழித்தேன்.

செக்சத்தை மாற்றி, குறிப்பில் எழுதினேன்:
"மூலத்தில் ஒரு வரி நீக்கம். படித்துப் பார்த்தேன். கேடு இல்லை."
யாருடைய வரி என்று எழுதவில்லை.

எண்ணூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
ஒரு பழைய குறிப்பை அவர் விட்டு வைத்திருக்கிறார்,
மறந்தோ, வேண்டுமென்றோ:
இது ஏன் ஓடுகிறதென்று எனக்கே விளங்கவில்லை, தொடாதீர்கள். ஊ.
நானும் தொடவில்லை.

ஹாரன் சத்தம்.
இறக்கிவிட்டு வந்துவிட்டான் சேவுகன்,
மேசை கொஞ்சமாக நடுங்கியது.
ஜன்னலில் தலையை நீட்டி,
"மச்சான் இறங்கிட்டானா?" என்றேன்.
"எறங்கிட்டாண்ணே, எப்பவோ."
ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது.
எழுதிக்கொண்டேன்.